மாட்டேறு: ஏட்டில் இருந்து ஏற்றுமதியான கதை

"எர்ரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்."

வேர்டில் புத்தகம் தட்டிய எல்லோரும் ஒரு தடவையாவது இந்த வரியைக் கொட்டை எழுத்தில் பார்த்திருப்பீர்கள். '7-ஆம் அத்தியாயம் காண்க' என்று ஒழுங்காக இருந்த இடத்தில் பிடிஎஃப் எடுத்ததும் இது வந்து உட்கார்ந்திருக்கும். நடுவில் அத்தியாயத்தை இடம் மாற்றியிருப்போம், அல்லது தலைப்பை அழித்துத் திரும்ப அடித்திருப்போம். சுட்டிய விரல் அப்படியே இருக்கும், சுட்டப்பட்ட பொருள் போயிருக்கும்.

எந்தப் பட்டனை அமுக்கினால் இது சரியாகும் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நம்மவர்கள் இதே தொல்லையோடு பல நூற்றாண்டுகள் குப்பை கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பழங்கதைதான் எனக்கு ருசியாக இருக்கிறது. பதிவு நீளம், டீயோடு உட்காரவும் :-)

இதில் நான் மாட்டிக்கொண்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவர். பிறந்தது பாலக்காடு ஜில்லா சித்தூர்ப் பக்கம், பிழைத்தது இடுக்கி மலையில். ஓய்வுக்குப் பிறகு தன் காலத்துக் கதையை எல்லாம் தோட்டத்தில் மிஞ்சிய நீளப் பேரேடுகளில் எழுதி வைத்தார். மொத்தம் மூன்று பேரேடு. லயத்து வாழ்க்கை, கூலிக் கணக்கு, காய் விலை, 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றுபோனது, அவர் சொந்த ஊரான சித்தூர் அதற்குள் கொச்சி, திருவிதாங்கூர்-கொச்சி, கேரளம் என்று மூன்று பெயருக்கு மாறியது, எல்லாம் இருக்கிறது. பெரியவர் இப்போது இல்லை. பிள்ளைகள் மூன்று தேசத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பேரேடாகத் தட்டி ஒன்று சேர்த்தார்கள். பேரப்பிள்ளைகள் படிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்பது ஆசை.

பிரச்சினை என்னவென்றால், மனிதர் கணக்கப்பிள்ளை. எதையும் இரண்டு தடவை எழுத மாட்டார். ஒரு சாவைச் சொல்லுவார், 'காரணம் 2-ஆம் பேரேடு ப. 112' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தட்டச்சு செய்த கோப்பில் பக்கம் 112 என்பதே கிடையாது. ஏ4 தாளில் ஒரு எண், போனில் வேறு எண், கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னொரு எண். காரணம் எழுதியிருக்கிறது, ஆனால் காரணத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது புது விஷயம் இல்லை. குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான கட்டம் இருக்கும். 'லெட்ஜர் ஃபோலியோ', தமிழில் பேரேட்டுப் பக்க எண். இந்தத் தொகை பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போனது என்று அதில் எழுத வேண்டும். பேரேட்டில் திரும்பக் குறிப்பேட்டின் பக்கத்தை எழுத வேண்டும். போக ஒரு வழி, வர ஒரு வழி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு இன்னும் பேரேட்டுக்குப் போகவில்லை என்று பொருள். ஃபோலியோ என்ற லத்தீன் வேருக்கு இலை என்று அர்த்தம். நம்முடைய ஏடும் பனை ஓலைதான். பேரேடு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சரி, ஏட்டுக்கு வருவோம். பனை ஓலைச் சுவடியில் ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கும். மலையாளக் கரைச் சுவடிகளில் எண்ணுக்குப் பதிலாக ந, ன்ன, ந்ய என்று எழுத்தையே எண்ணாக வைக்கும் முறையும் உண்டு. சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அவருடையதாகச் சொல்லப்படும் எழுத்தாணியையும் ஏடுகளையும் அங்கே போற்றி வைத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்கள் அடுத்த லீவில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம். ஆனால் ஏட்டு எண்ணை நம்பி யாரும் 'இத்தனாவது ஏடு பார்க்க' என்று நூலுக்குள் எழுதவில்லை. எழுத முடியாது. அடுத்தவன் படியெடுக்கும்போது அவன் ஓலை நீளமோ குட்டையோ, எழுத்து பெரிதோ சிறிதோ, கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு படியெடுப்பும் ஒரு ஏற்றுமதிதான்.

அப்படியானால் எதை வைத்துச் சுட்டினார்கள்? நூலின் உறுப்பை வைத்து.

இதற்குத் தமிழில் இலக்கணமே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நன்னூல் பாயிரத்தில் 32 உத்திகள் வரும். பள்ளிக்கூடத்தில் கடம் அடித்து மறந்திருப்போம். அதில் 'ஓத்துமுறை வைப்பு' என்று ஒன்று, அதாவது இயல்களை முறைப்படி அடுக்குவது. 'உரைத்தும் என்றல்' என்று ஒன்று, இதைப் பின்னால் சொல்வோம் என்று முன்கூட்டிச் சுட்டுவது. 'உரைத்தாம் என்றல்' என்று ஒன்று, முன்னாலேயே சொல்லியாயிற்று என்று பின்னோக்கிச் சுட்டுவது. இதே இரண்டும் தொல்காப்பிய மரபியலின் உத்திப் பட்டியலிலும் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' என்று உண்டு. நன்னூலில் இன்னொன்று, 'மாட்டெறிந்து ஒழுகல்'. ஓரிடத்தில் விரித்துச் சொன்ன விதியை இன்னோர் இடத்தில் கொண்டுவந்து மாட்டிவிடுவது. இதுதான் மாட்டேறு. சட்டையை ஆணியில் மாட்டுகிறோமே, அந்த மாட்டுதான். 'கிராஸ் ரெஃபரன்ஸ்' என்பதற்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சொல் ரெடியாக இருக்கிறது.

தொல்காப்பியரே தாராளமாக மாட்டியிருக்கிறார். உயிர்மயங்கியலில் அகரத்தில் முடியும் சொற்களுக்கு விதியை விரித்துச் சொல்லிவிட்டு, ஆகாரத்தில் முடிவதும் அதைப் போலத்தான் என்று சுருக்கமாக முடித்துவிடுவார். சூத்திரங்களின் வரிசையைக் கலைத்தால் இந்தச் சுருக்கம் குலைந்துவிடும். அதனால்தான் 3 அதிகாரம், அதிகாரத்துக்கு 9 இயல் என்ற கட்டுக்கோப்பு அவ்வளவு முக்கியம்.

உரையாசிரியர்கள் ஒரு வேடிக்கை செய்வார்கள். 'மேற்கூறினார்' என்றால் முன்னால் சொன்னார். 'மேற்கூறுப' என்றால் பின்னால் சொல்வார். மேல் என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் காட்டும், வினைச்சொல்லின் காலத்தைப் பார்த்துத்தான் திசை தெரிய வேண்டும். நம் கணக்கப்பிள்ளையும் 'மேலே சொன்ன' என்று இரண்டு அர்த்தத்திலும் எழுதியிருக்கிறார் என்பது தனிக்கதை.

இப்போது சிலப்பதிகாரத்துக்கு. நூலுக்கு முன்னால் நிற்கும் பதிகம் 30 உறுப்புகளையும் பெயர் சொல்லி வரிசையாகப் பட்டியல் போடுகிறது. மங்கல வாழ்த்துப் பாடலில் தொடங்கி வரந்தரு காதையில் முடிகிறது. சுத்தமான உள்ளடக்கப் பக்கம். அதுவும் பாட்டாக இருப்பதால் படியெடுப்பவன் ஒன்றை விட்டுவிட்டால் ஓசை தடுக்கும், உடனே தெரிந்துவிடும். கடைசியில் கூட்டுத்தொகை 30 என்றும் சொல்லிவிடுகிறது. நாங்கள் சாயங்காலம் கேஷ் டேலி பண்ணுவதைப் போல.

ஆனால் கவனித்தால், அந்தப் பட்டியலில் காண்டப் பெயர்களே இல்லை. புகார்க் காண்டம் நாடுகாண் காதையில் முடிந்து, மதுரைக் காண்டம் காடுகாண் காதையில் தொடங்குகிறது என்று நாம் படிக்கிறோம். பதிகத்தில் நாடுகாண், காடுகாண் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் கோடு இல்லை. அதாவது 1 முதல் 30 வரை ஒரே ஓட்டம். காண்டம் என்பது அதன் மேல் போர்த்திய இன்னொரு அடுக்கு: 10, 13, 7.

இது சும்மா கணக்கு விளையாட்டு இல்லை. 23-ஆவது கட்டுரை காதையின் முடிவில் கண்ணகி மதுரையின் மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வையைக் கரையோடு நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை மர நிழலில் நிற்கிறாள். பதினான்காம் நாள் விண்ணகம் போகிறாள். அங்கே மதுரைக் காண்டம் முடிகிறது. 24-ஆவது குன்றக்குரவையில் அதே வேங்கை நிழலைக் குறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், வஞ்சிக் காண்டம் தொடங்குகிறது. 25-இல் குறவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொல்கிறார்கள். 30-இல் மங்கல மடந்தையின் கோட்டமும் உயர்ந்த மலை மேல் சுனைகளும் பேசப்படுகின்றன. அந்த மலை எது என்று கேட்டால் 23, 24, 25, 30 நான்கையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டால்தான் பதிலே தேட முடியும்.

பழைய உரைகாரர்களே இதில் ஒத்துப்போகவில்லை. அரும்பதவுரைகாரர் திருச்செங்கோடு என்றார். அடியார்க்குநல்லார் மறுத்து, கொடுங்கோளூர்ப் பக்கத்துச் செங்குன்று என்றார். அவருடைய உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது, வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரிகிறது. எப்படி? பதிகத்துக்கு உரை எழுதும்போதே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். 'உரைத்தும்' தொலைந்து போனாலும் ஒரு மாட்டேறு பிழைத்துக் கிடந்தது. 1963-இல் புலவர் சி. கோவிந்தராசனார் நூல் காட்டும் வழியைத் தேடிப் போய், குமுளிக்கு மேலே உள்ள மங்கலதேவி கோயில்தான் கண்ணகி கோட்டம் என்றார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேனி, இடுக்கிக்காரர்கள் மனதில் அது முடிந்த விஷயம்.

பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம் என்பதால் வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கிறார்கள். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். குமுளியில் இருந்து ஜீப், தமிழகப் பக்கம் பளியங்குடியில் இருந்து காட்டுப் பாதையில் நடை. பாண்டிய நாட்டுக் காண்டம் முடிந்து சேர நாட்டுக் காண்டம் தொடங்கும் இடத்தில்தான் இன்றைய மாநில எல்லையும் ஓடுகிறது. கோயில் எந்தப் பக்கம் என்று சண்டை இன்னும் ஓயவில்லை.

அச்சு வந்ததும் நிலைமை தலைகீழானது. ஒரே பதிப்பின் எல்லாப் பிரதியிலும் பக்கம் 112 ஒன்றுதான். 1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரம் முழுவதையும் இரண்டு பழைய உரைகளோடு அச்சேற்றினார். அவருடைய பதிப்புகளின் அடிக்குறிப்புகளையும் அகராதிகளையும் புரட்டிப் பாருங்கள். இந்தச் சொல் வேறு எந்த நூலில் எங்கே வருகிறது என்று இழை இழையாகக் கோத்திருப்பார். கம்ப்யூட்டர் இல்லை, 'ஃபைண்ட்' இல்லை. இன்றைக்கு ஆய்வாளர்கள் காதை எண், அடி எண் போட்டுத்தான் சுட்டுகிறார்கள். பக்க எண்ணைப் போட்டால் அடுத்த பதிப்பில் செத்துவிடும். காதையும் அடியும் எந்தப் பதிப்புக்கும் பொருந்தும். குறளுக்கு 1330 எண் இருப்பதும் அப்படித்தான், ஆனால் அது பரிமேலழகர் வைப்புமுறை. மணக்குடவர் உரையை எடுத்தால் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை வேறு. ஆக எண் சொல்வதற்கு முன் யாருடைய வரிசை என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேற்கத்தியர்கள் பக்க எண்ணையே வேறு விதமாகக் காப்பாற்றினார்கள். பிளேட்டோவின் நூல்களை ஆன்றி எஸ்தியென் என்பவர் 1578-இல் ஜெனீவாவில் மூன்று தொகுதியாக வெளியிட்டார். இன்றுவரை உலகத்தில் எந்த மொழியில் பிளேட்டோவைப் பதிப்பித்தாலும் அந்த 1578 பக்க எண்ணை ஓரத்தில் அச்சடிப்பது வழக்கம். மேற்கோள் காட்டுவதும் அந்த எண்ணால்தான். அவருடைய அப்பா ரொபேர் 1551-இல் பைபிள் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டவர். குடும்பத் தொழில் போலிருக்கிறது. அதே 1578-இல்தான் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம், ஆகவே 'பின்னால் பார்க்க' என்ற தேவை அவர்களுக்கு வந்திருக்காது.

அப்புறம் நம் காலம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ராத்திரி வேலை முடிந்து தட்டித் தட்டிச் சேர்த்த நூலகம் அது. முதலில் தனி எழுத்துரு, பிறகு தகுதரம், பிறகு யூனிகோட் என்று ஒவ்வொரு தடவையும் மொத்தக் கோப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. அச்சுப் பக்கம் இந்த மாற்றங்களில் அடிபட்டுப் போனது. அடி எண் தப்பித்தது, ஏனென்றால் அது வரியோடு ஒட்டியிருந்தது. சிலப்பதிகாரத்தைக் காண்டம் காண்டமாகத் தனிக் கோப்பாகப் போட்டார்கள். இங்கேதான் நம்முடைய மென்பொருள் தொல்லை நுழைகிறது.

வேர்டில் காண்டத்தை முதல் நிலைத் தலைப்பாகவும் காதையை இரண்டாம் நிலைத் தலைப்பாகவும் வைத்துத் தானியங்கி எண் போடுங்கள். மதுரைக் காண்டம் வந்ததும் காடுகாண் காதை '1' என்று மறுபடி தொடங்கும், குன்றக்குரவையும் '1' ஆகிவிடும். பன்னிலைப் பட்டியல் அமைப்பில் 'மேல்நிலைக்குப் பிறகு திரும்பத் தொடங்கு' என்ற டிக் தானாகவே போட்டிருப்பதுதான் காரணம். அதை எடுத்துவிட்டால் 11, 24 என்று சரியாக ஓடும். லாடெக்கில் புத்தக வகையை எடுத்தால் பகுதி மாறினாலும் அத்தியாய எண் தொடர்ந்துதான் ஓடும், பதிகம் போட்ட வரிசையைப் போலவே. ஸ்கிரிவெனரில் இடது பக்கப் பட்டியலில் இருக்கும் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். அப்போது உள்ளேயும் ஒரு தடவை தலைப்பைத் தட்டியிருந்தால் புத்தகத்தில் இரண்டு தடவை வரும். எண்ணைக் கையால் எங்கேயும் தட்டாதீர்கள். வேர்டில் இருந்து வெளியே எடுக்கும் முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் மாட்டேறுகள் புதுப்பிக்கப்படும்.

தமிழுக்கு மட்டும் உள்ள வில்லங்கம் ஒன்று. ஆங்கிலத்தில் தலைப்பை அப்படியே வாக்கியத்தில் சொருகலாம். தமிழில் 'நடுகல்' என்ற தலைப்பை மென்பொருள் கொண்டுவந்து போட்டு, நீங்கள் பின்னால் 'இல்' என்று தட்டியிருந்தால் 'நடுகல்இல்' என்று பல்லை இளிக்கும். நாளைக்குத் தலைப்பை 'நீர்ப்படை' என்று மாற்றினால் 'யில்' வேண்டும். தலைப்பு பெயராக மாறாமல் நிற்க வேண்டும், வேற்றுமை உருபு அதன் மேல் ஏறக்கூடாது. வழி எளிது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் விட்டு, பின்னால் 'என்னும் காதையில்' என்று போட்டுவிடுங்கள். உருபு 'காதை'யில் ஏறிக்கொள்ளும். எண்ணுக்கும் அப்படியே, '24-ஆம் காதையில்'. உரைகாரர்கள் 'என்னும்' இல்லாமல் நகர மாட்டார்கள், அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

சொல்லடைவு போடுகிறவர்களுக்கு: யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது, அகர வரிசையில் அது கடைசி. வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் 'கனா' முன்னால் வந்து 'கலை' பின்னால் போகும். வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கணக்கப்பிள்ளையின் பேரேடுகளுக்குக் கடைசியில் எஸ்தியென் வழியைத்தான் பிடித்தோம். அவர் பக்கம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சதுர அடைப்பில் 2:112 என்று சின்ன எழுத்தில் போட்டு, அதையே புக்மார்க் ஆக்கினோம். அவர் 'ப. 112' என்று எழுதிய இடங்களைத் தொட்டால் அங்கே போகும். தாளில் படித்தாலும் அடைப்பு எண்ணைப் பார்த்துத் தேடிக்கொள்ளலாம். அவர் எழுதிய ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பேத்தி ஒருத்தி முதல் நாளே அந்தச் சாவின் காரணத்துக்குப் போய்ப் படித்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்தாளாம். காலரா. லயத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேர், அதில் ஒருத்தர் பெரியவரின் அக்கா. பிள்ளைகளுக்கே அதுவரை தெரியாது.

ஐந்து இடங்களில் மட்டும் மாட்டேறு எங்கேயும் போய் மாட்டவில்லை. ஐந்திலும் '4-ஆம் பேரேடு' என்று இருக்கிறது, ஒன்றில் மங்கலதேவி மலைக்கு நடந்து போன கதை 4:31-இல் என்று குறித்திருக்கிறார். வீட்டில் இருப்பது மூன்றுதான். மென்பொருள் அதைப் பிழை என்று சிவப்பில் காட்டுகிறது. இணைப்பு இல்லாமல் எழுத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, கம்பம் பக்கம் உறவு உள்ளவர்கள் பரணில் பழைய தோட்டக் கணக்குப் பேரேடு ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். நீளமான பச்சை அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது.